பின்பக்கம் வைத்த பொட்டு

21-10-91 திங்கள்

காலையிலிருந்து தூறல். கொடியில் போட்ட புடவை மூன்று நாளாக ஈரம்.

இந்த டைரி என் வீட்டுக்காரருக்குக் கம்பெனியில் கொடுத்தது. கேட் வாட்ச்மேன் என்று வருஷத்துக்கு ஒன்று கொடுப்பார்கள். ஆடி மாசம் வரைக்கும் அவர் எழுத்து. லாரி நம்பர், வந்த நேரம், போன நேரம். அதற்குப் பிறகு எல்லாம் வெள்ளை. நான் அஞ்சாவது வரைதான். தப்பு இருக்கும். யார் பார்க்கப் போகிறார்கள்.

அதே கம்பெனியில் நான் பெருக்குகிற ஆபீஸ் ரூமில் கம்ப்யூட்டர் ஓடவில்லை. பழசு. மெட்ராஸ் ஆபீஸில் ஓட்டி முடித்து இங்கே அனுப்பியது. அதில் வேலை பார்க்கிற ஸ்டெல்லா ஆயுத பூஜைக்கு முந்தின நாளிலிருந்து லீவு, இன்றுதான் வந்தாள். மெஷின் சுவரோடு ஒட்டி இருக்கும். பின்னால் கையை விட்டுத் தடவியே ஒயரைச் சொருகினாள். சுவிட்சு போட்டதும் கீ என்று கத்தியது. டி.வி. மாதிரி இருப்பதில் எழுத்து வந்தது. ஆனால் இவள் தட்டுகிற எழுத்து ஒன்றும் வரவில்லை. கையால் நகர்த்துகிற எலி ஒன்று உண்டு. அதுவும் அசையவில்லை.

ஸ்டெல்லா படித்துச் சொன்னாள். "கீபோர்டு இல்லியாம்க்கா. கீபோர்டுல ஒரு பட்டன அமுக்கினா மேல போவுதாம். எப்டி கீது பாரு கதை."

ரேஷன் கார்டில் அவர் பேரை எடுக்கப் போனபோதும் இதேதான். குடும்பத் தலைவர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அவர் பேரைத்தான் எடுக்க வந்திருக்கிறேன் என்றேன். அதற்குத்தான் அவர் கையெழுத்து என்றார்கள்.

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மெஷின் ஏன் ஓடவில்லை என்று எனக்குத் தெரியும் போலிருக்கிறது.

வாங்க: மண்ணெண்ணெய், உப்பு, பிளேடு. (பிளேடை அடித்துவிட்டேன். யாருக்கு.)

22 செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம்.

ஸ்ரீபெரும்புதூரில் தெரிந்த ஆபீஸிலிருந்து வேறு கீபோர்டு வாங்கி வந்தார்கள். அதுவும் அப்படியே. மேனேஜர், "அப்ப கீபோர்டு நல்லாத்தான் இருக்கு. சொருவற எடத்துலதான் கோளாறு" என்றார்.

"உள்ள சரியாவே போவல சார். அழுத்தித்தான் சொருவினேன்" என்றாள் ஸ்டெல்லா.

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் நெஞ்சிலேயே நிற்கும்.

பூஜைக்கு எல்லா மெஷினையும் துடைத்தது நான். கம்ப்யூட்டரைச் சுவரிலிருந்து இழுத்துப் பின்பக்கம்கூடத் துடைத்தேன். ஒயரை எல்லாம் ஸ்டெல்லா லீவுக்கு முன்னாலேயே பிடுங்கிச் சுற்றி வைத்திருந்தாள். பேக்கிங் வசந்தா அக்கா சந்தனத் தட்டோடு வந்தாள். நானும் ஒரு விரல் எடுக்கப் போனேன்.

"நீ கொஞ்சம் ஓரமா நில்லு கோவிந்தம்மா. தப்பா நெனச்சிக்காத. நல்ல நாளு."

நின்றேன்.

போன வருஷம் அந்த மெஷினுக்குப் பொட்டு வைத்தது அவர். மெட்ராஸிலிருந்து டெம்போவில் வந்தபோது தோளில் வைத்து இறக்கியதும் அவர். எல்லாரும் பொரி வாங்கப் போனதும் தட்டில் மீதி இருந்த சந்தனத்தை எடுத்தேன். முன்னால் வைத்தால் தெரிந்துவிடும். பின்னால் வைத்தேன். அங்கே வட்டமாக ஒரு பள்ளம், பொட்டுக்கென்றே செய்த மாதிரி. பக்கத்தில் நீளமாக இன்னொன்று. அதற்கும் ஒன்று. மேலே குங்குமம். மெஷினைச் சுவரோடு தள்ளிவிட்டு வந்துவிட்டேன்.

ஒயர் சொருகுகிற இடம் அதுதானாம்.

23 புதன்

நல்ல மழை. பஸ் வரவில்லை. சேரப்பணஞ்சேரியிலிருந்து நடந்தே போனேன். ஒரு செருப்பு சேற்றோடு போயிற்று.

மேனேஜர் மெட்ராஸுக்குப் போன் போட்டு மெக்கானிக்கிடம் கத்திக் கத்திப் பேசினார். அந்தப் பக்கம், தண்ணீர் டீ ஏதாவது கொட்டினார்களா என்று கேட்டிருக்கிறார்கள். போனை வைத்துவிட்டு ஸ்டெல்லாவைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழம வந்து தொறந்து பாப்பாரு. டீ ஊத்தினது தெரிஞ்சுது, திங்கக்கிழமையிலேர்ந்து நீ வர வேணாம்."

குழாயடியில் நின்று அழுதாள். "நான் அங்க குட்சதே கெடையாதுக்கா. டெய்லி நீதான டம்ளர் எடுக்கற, நீயே சொல்லு."

ஆமாம் என்றேன். டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தேன்.

24 வியாழன்

தூறல்.

கொண்டை ஊசி எடுத்துப் போனேன், யாரும் இல்லாத நேரத்தில் நோண்டி எடுத்துவிடலாம் என்று. மேனேஜர் ரூமை விட்டு நகரவில்லை. இரண்டு தரம் பெருக்கினேன். "இன்னும் எவ்ளோ பெருக்குவ" என்றார்.

வேலை போனால் போகட்டும். வேறு கம்பெனியில் பெருக்கலாம். வசந்தா அக்கா சொல்லப் போவதுதான் பயம். அதான் தொடாதன்னேன் என்பாள். ஊரே சொல்லும்.

அது நிஜமாக இருந்தால்? எத்தனை வருஷமாக எத்தனை பேர் மெஷினுக்குச் சந்தனம் வைக்கிறார்கள். நான் வைத்தது மட்டும் ஏன் நின்றது. அவர் கடைசியாகக் குடித்த காபியும் என் கையால்தான்.

வீட்டில் அவர் சைக்கிளுக்கு இந்த வருஷம் பொட்டு வைக்கவில்லை. முன் சக்கரத்தில் காற்று இறங்கிக் கிடக்கிறது.

25 வெள்ளி

வெயில். மெக்கானிக் மத்தியானம் வந்தார். சின்ன வயசுதான். கையில் டார்ச்சும் திருப்புளியும். மேனேஜர் நின்றார். ஸ்டெல்லா மூலையில். வசந்தா அக்கா ஏதோ சீட்டில் கையெழுத்து வாங்க வந்தவள் அப்படியே நின்றாள்.

மெக்கானிக் மெஷினை இழுத்துத் திருப்புவதற்குள் சொல்லிவிட்டேன். "சார், அந்தப் பொண்ணு ஒண்ணும் ஊத்தல. நான்தான் பூஜ அன்னிக்குப் பின்னாடி சந்தனம் வெச்சேன்."

மெக்கானிக் ஒயரைப் பிடுங்கி டார்ச் அடித்துப் பார்த்தார். சிரித்துவிட்டார்.

"ரெண்டு ஓட்டையிலயும் அடச்சிக்கினு கீது சார். நான் போர்டே மாத்தணும்னு நெனச்சேன்." என்னைப் பார்த்து, "ஏம்மா, எல்லாரும் முன்னாடிதான வெப்பாங்க. நீ ஏன் பின்னாடி வெச்ச?"

அவர் மெட்ராஸ்காரர், அவருக்கு என்ன தெரியும். என் நெற்றியைக்கூட அவர் பார்க்கவில்லை. வசந்தா அக்கா கையிலிருந்த சீட்டை மடித்தாள், பிரித்தாள்.

ஊசியால் சுரண்டி, ஏதோ தண்ணி தொட்டுத் துடைத்து, வாயால் ஊதினார். சொருகினார். சுவிட்சு. கத்தவில்லை. ஸ்டெல்லா தட்டினாள். எழுத்து வந்தது. எலியும் ஓடியது.

அவர் பையைக் கட்டும்போது கிட்டே போய்க் கேட்டேன். "சார், வேற யாராச்சும் வெச்சிருந்தாலும் இப்டித்தான் ஆயிருக்குமா?"

"யார் வெச்சா இன்னாம்மா. சந்தனம் காஞ்சா கம்பி தொடாது. கம்பி தொடலன்னா கரண்ட் போவாது. சாமியே வெச்சாலும் அவ்ளோதான்."

வசந்தா அக்கா காதில் விழுந்ததா தெரியவில்லை. விழுகிற தூரத்தில்தான் நின்றாள்.

மேனேஜர் என்னிடம் சொன்னது: "போய் வேலயப் பாரு." ஸ்டெல்லாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

வாங்க: செருப்பு, சந்தன வில்லை.

26 சனி

மறுபடி மூட்டம்.

மெஷினைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டுவிட்டார்கள், பின்பக்கம் தெரிகிற மாதிரி. துடைத்தேன். வட்டப் பள்ளத்தின் ஓரத்தில் நகத்தளவு மஞ்சள் இன்னும் நிற்கிறது. மெஷின் ஓடுகிறது. எடுக்கவில்லை.

சோற்று வேளையில் வசந்தா அக்கா தள்ளித்தான் உட்கார்ந்தாள். ஸ்டெல்லா கிட்டே வந்து உட்கார்ந்தாள், சாப்பிட்டாள், போனாள். "டீன்னு சொன்னாரே அந்தாளு" என்று மட்டும் ஒரு தரம்.

மூன்று மணிக்கு விட்டார்கள். படப்பையில் செருப்பு வாங்கவில்லை. வில்லை வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து சைக்கிளை வெளியே எடுத்தேன். கம்பி கம்பியாகத் துடைத்தேன். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். இன்னாடி இன்னிக்கு என்றாள். சனிக்கிழமை என்றேன்.

சந்தனம் கரைத்தேன். ஹேண்டில்பார் நடுவில் வைத்தேன். முன்னால்.