அந்தக் கவிதையில் ஒரே ஒரு தட்டு

அன்புள்ள குட்டிமாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே என்று அடுத்த வரியை எழுத வந்தேன், பேனா நின்றுவிட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

நீ அனுப்பிய பத்திரிகை செவ்வாய்க்கிழமை வந்தது, கூடவே ஒரு துண்டுக் கடிதம்கூட இல்லை. ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகும்போது அதையும் எடுத்துப் போனேன். எக்ஸ்ரே அறையில் அடுத்த ஆள் உடை மாற்றிக்கொண்டு வருவதற்குள் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்தேன்.

கழுவிக் கவிழ்த்த
ஒரு தட்டு.
குழாய் யாருக்காகவோ
சொட்டுகிறது.
இரண்டு சாவிகளும்
என் பையில்.

அவ்வளவுதான். வாக்கியத்தை வெட்டி வெட்டி அடுக்கிவிட்டுக் கவிதை என்கிறார்களே, என்ன சாமர்த்தியம் என்று சிரித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பினால் அங்கே உன் பெயர். மறுபடி முந்தின பக்கம் போய் அதே ஆறு வரியைப் படித்தேன். ஒரு எழுத்தும் மாறவில்லை, சிரிப்புதான் வரவில்லை. வந்தவரை நிறுத்தி மூச்சைப் பிடிக்கச் சொன்னேன், விடச் சொல்ல மறந்துவிட்டேன். "நானே விட்டுட்டேம்மா" என்று அவர்தான் சொன்னார்.

வீட்டில் அப்பாவும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். அவருக்குக் கவிதை என்றால் எதுகை இருக்க வேண்டும், தொடையில் தாளம் போட வர வேண்டும். "என்னடி இது, பாதியில கரண்ட் போன மாதிரி இருக்கு" என்று மூடி வைத்துவிட்டார். தேடியது கிடைக்காததால் இருந்ததையும் அவர் பார்க்கவில்லை. நிம்மதியாகத் தூங்குகிறார், எனக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லை.

நாங்கள் எடுக்கும் எக்ஸ்ரே படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டரம்மா முதலில் நோயாளியின் சீட்டைத்தான் கேட்பார். மூன்று வாரமாக இருமல் என்று இருந்தால் நெஞ்சில் நிழலைத் தேடுவார், கீழே விழுந்தார் என்று இருந்தால் அதே படத்தில் விலா எலும்புகளை எண்ணுவார். புதுக்கவிதை நிறையப் படிப்பவர். யாரோ பெரிய கவிஞர் எழுதியது என்று பொய் சொல்லி அவரிடம் காட்டினேன். தலையை ஆட்டி ஆட்டிப் படித்தார். "அந்தக் கொழா இருக்கே, அதுதாம்மா காலம்" என்றார். என் மகள் எழுதியது என்றேன். "மொதல்லயே சொல்லக் கூடாதா நீங்க" என்று திரும்பப் படித்தார். இந்தத் தடவை காலம் எங்கேயோ போய்விட்டது. குரலைத் தாழ்த்தி, "மாப்பிள்ளை வீட்லதானே இருக்காரு?" என்று கேட்டார்.

நானும் அதைத்தான் கேட்கிறேன். போன மாதம் மூன்று தடவை போன் செய்தேன், ஒரு நாள் காலையில், ஒரு நாள் மத்தியானம், ஒரு நாள் விளக்கு வைத்த பிறகு. மூன்று தடவையும் அவர் குளிக்கிறார் என்றாய். அப்படி என்னம்மா அழுக்கு?

இது வெறும் என் சந்தேகமாகவும் இருக்கலாம். உன்னை வயிற்றில் சுமந்த நாளிலிருந்து நானும் இந்த மாதிரிக் கவிதைகளை அப்பாவுக்குத் தெரியாமல் படித்து வருகிறவள்தான். அவற்றில் எத்தனையோ பேர் தனியாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவரிடமாவது போய், சாப்பிட்டாயா என்று நான் கேட்டதில்லை. நல்ல வரி என்று கீழே கோடு போட்டுவிட்டு அடுப்படிக்குப் போயிருக்கிறேன். உன் வரியில் அப்படிக் கோடு போட முடியவில்லை. அம்மாவாகப் படிப்பது தப்பு என்று நீ சொல்வாய், சொல்லிக்கொள்.

நாலு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன், வருகிற சனிக்கிழமை காலை அங்கே இருப்பேன். அப்பாவிடம் உன்னைப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். என்ன எழுதினாலும், யாரோடு இருந்தாலும், இல்லாவிட்டாலும், நீ நன்றாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு. வலிக்கிறது என்றாயே, அந்தக் கடைவாய்ப் பல்லைத் தள்ளிப்போடாமல் போய்க் காட்டு. நான் வருவதை மாப்பிள்ளையிடம் சொல்லிவிடு. சொல்ல ஆள் இல்லையென்றால் அதை மட்டும் ஒரு வரியில் எழுது, முழு வாக்கியமாக.

உன்
அம்மா