ஈரத்தில் பிடிக்காத கட்டை

இன்று காலை செம்பூர் லேபில், சுழலும் எஃகுத் தட்டின்மேல் புதுக் கட்டையை அழுத்தியதும் தேங்காய்நார் கருகும் வாடை எழுந்தது. இயந்திரத்தை நிறுத்திவிட்டு வெளியே வந்து இதை எழுதுகிறேன். நீ போய் மூன்று மழைக்காலம் ஆகிறது.

அந்தக் கலவை நம் இருவருடையது. நாரைக் காரநீரில் ஊறவைத்து, உலர்த்தி, பிசினில் கலந்து, அச்சில் அழுத்திப் பிரேக் கட்டை செய்தோம். அதைத் தட்டில் உரசவிட்டு, எவ்வளவு பிடிக்கிறது, எவ்வளவு தேய்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. உலர்ந்த கட்டை அபாரமாகப் பிடித்தது. நான் துள்ளினேன். நீயோ மிச்சக் கட்டைகளைத் தண்ணீர் வாளிக்குள் போட்டாய். "இந்த ஊர்ல நாலு மாசம் மழைதானட்டி. ஈரத்துல நிக்குதான்னு பாப்போம். பெறவு ஆடு" என்றாய்.

எனக்குப் பொறுக்கவில்லை. தாராவியில் பழைய பிளாஸ்டிக்கை அரைக்கும் பட்டறை வைத்திருந்த என் மாமாவிடம், உனக்குத் தெரியாமல் இரண்டு கட்டைகளைக் கொடுத்தேன். மூட்டைகளை மாடிக்கு ஏற்றும் லிஃப்டில் அவர் அவற்றைப் பொருத்தினார்.

வாளியிலிருந்து எடுத்தபோது கட்டைகள் உப்பியிருந்தன. தட்டில் வைத்ததும் வழுக்கின. நார் பிசினை விட்டுக் கொத்தாகப் பிய்ந்து வந்தது. அப்போதுதான் உன்னிடம் உண்மையைச் சொன்னேன். நீ திட்டவில்லை. மாமாவுக்குப் போன் போட்டாய், எடுக்கவில்லை. கொட்டும் மழையில் ஆட்டோ பிடித்தோம்.

பட்டறைக் கூரை ஒழுகி, லிஃப்ட் முழுக்க நனைந்திருந்தது. மேடை மூட்டைகளோடு ஏறிக்கொண்டிருந்தது. அதன் அடியில் ஓர் ஆள் சிதறிய சில்லுகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். மோட்டாரை அணைத்தால் பிரேக்தான் சுமையைத் தாங்க வேண்டும்; அணைக்காமல் மெதுவாக இறக்கச் சொன்னாய். மாமா உன் தோளைப் பிடித்துத் தள்ளினார். சுவரில் மோதி உன் உதடு கிழிந்தது. எழுந்து மறுபடி அவர் முன்னால் போய் நின்றாய்.

"அண்ணாச்சி, அந்த ஆள வெளிய வரச் சொல்லுங்க. அது நிக்காது."

"நிக்கும். சும்மா நாடக் பண்ணாத" என்று சொல்லி, மேடை உச்சியில் இருக்கும்போதே அவர் சுவிட்சை அணைத்தார்.

ஒரு கணம் நின்றது. பிறகு ஒரு கிறீச்சல். நீ உள்ளே பாய்ந்து அந்த ஆளை இடுப்போடு பிடித்து வெளியே தள்ளினாய். நீ வெளியே வரவில்லை. மூட்டைகள் வெடித்துப் பிளாஸ்டிக் சில்லுகள் என் முகத்தில் அடித்தன. மேடையைக் கடப்பாரையால் நெம்பித் தூக்க ஆறு பேர் வேண்டியிருந்தது. உன்னை இழுத்தபோது உன் ரத்தம் மழைத்தண்ணீரோடு என் முழங்கை வரை வழிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டாய்.

நீயாகவே வந்து சண்டை போட்டு சுவிட்சை அணைத்ததாக மாமா போலீசில் சொன்னார். நானும் அப்படியே சொல்ல வேண்டும் என்று அம்மா என் காலைப் பிடித்தாள். தன் தம்பியாயிற்றே. நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன், கட்டையைக் கொடுத்தது நான்தான் என்பதையும். மாமா உள்ளே போனார். அன்றைக்கே அம்மா என் துணிகளைத் தெருவில் வீசினாள்.

அங்கிருந்து லேபர் கேம்ப்பில் இருந்த உன் வீட்டுக்கு, உன் அம்மாவிடம் போனேன். பாதி சொல்லும்போதே அறைந்தாள். விழுந்தேன். முடியைப் பிடித்துத் தூக்கி மறுபடி அறைந்தாள். தடுக்க வந்தவர்களை நான்தான் விலகச் சொன்னேன். கை ஓய்ந்ததும் தரையில் உட்கார்ந்தாள்.

"அவ சொன்னத நீ ஏன்ட்டி கேக்கல?"

 

ஈரத்தில் சோதிக்காமல் எந்தக் கட்டையும் இப்போது என் கையைத் தாண்டுவதில்லை. அவசரப்படுத்துகிறவர்களோடு சண்டை போடுகிறேன். உன் அம்மா அறைந்ததில் என் இடது காது போய்விட்டது. சேர்ந்து நடக்கும்போது நீ எப்போதும் அந்தப் பக்கம்தான் வருவாய். இனி அந்தப் பக்கம் வந்து யார் பேசினாலும் எனக்குக் கேட்காது.