ஏரிக்கரை வழியாக வரைந்த படம்

விழுப்புரம்,
ஞாயிறு

அன்பு மகன் நெடுஞ்செழியனுக்கு அம்மா எழுதுவது. உடம்பளவில் நாங்கள் மூவரும் நலம், மஸ்கட்டில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். உன் பிள்ளைக்குச் சளி விட்டுவிட்டது, மலர்விழிக்குத்தான் சோறு இறங்கவில்லை. நீ போனில் பாதி கேட்டுவிட்டுப் பெண்டாட்டியைத் திட்டினாயாம், அதனால் முழுவதும் எழுதுகிறேன்.

திண்டிவனம் பள்ளியில் அவள் ஆறாம் வகுப்புக்குப் புவியியல் எடுக்கிறாள் அல்லவா, வரைபடப் பாடத்துக்கு முன்னால் பிள்ளைகளைப் பத்து நிமிஷம் கண்ணை மூடி மூச்சைக் கவனித்து உட்காரச் சொல்லி, வீட்டிலிருந்து பஸ் ஏறும் இடம்வரை மனசுக்குள்ளேயே நடந்துவிட்டு அந்த வழியை வரையச் சொன்னாள். மயிலம் பக்கம் நான் பிறந்த ஊரிலிருந்து ஏழு பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். ஊர்த்தெருப் பிள்ளைகள் நான்கு பேர் கோயில் தெருவில் நேராக வந்தார்கள், அவர்கள் படத்தில் காலனியே கிடையாது. நம் காலனிப் பிள்ளைகள் மூன்று பேரும் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். இவள் ஏழு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் சுவரில் ஒட்டினாள், ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் ஊர்த்தெருப் பையன் ஒருவனின் அப்பா தென்னரசு வந்து, பாடம் நடத்தச் சொன்னா கண்ண மூட வச்சிக்கினு சாதிய கிளப்புறியா டீச்சரு என்று வகுப்பு வாசலிலேயே கத்தினானாம். என் எட்டு வயதில் புளியங்கொம்போடு என்னைக் கோயில் தெருவிலிருந்து விரட்டியவன் இவனுடைய தாத்தா, அன்றைக்கு அவன் கட்டியிருந்த வேட்டிக்கரைகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. இப்ப யாரும்மா தடுக்குறாங்க, தார் ரோடு எல்லாருக்கும் பொதுதானே என்றாராம் தலைமையாசிரியர். வாஸ்தவம், யாரும் தடுக்கவில்லை. பிள்ளைகள் சுற்றித்தான் போகிறார்கள். ஆனாலும் இவள் மன்னிப்பு எழுதித் தர வேண்டும், இல்லாவிட்டால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார், நாளைக்குக் கெடு.

எழுதாதே என்றுதான் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். நேற்று என்ன தோன்றியதோ, என்னையும் உட்கார வை என்றேன். அந்த ஊரைவிட்டு வந்து நாற்பது வருஷம், மனசுக்குள் எவன் வந்து தடுக்கப்போகிறான், நேராக நடப்போம் என்றுதான் கிளம்பினேன். கால் ஏரிக்கரைக்குத் திரும்பிவிட்டது. மூன்று தடவை பார்த்தேன், மூன்று தடவையும் அப்படித்தான். அவளிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை. உங்களுக்கே மாறல அத்த, நான் ஏழு படத்த ஒட்டி என்னாத்த மாத்திடப் போறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போய் எழுதிவிட்டாள். என்னால்தான் எழுதினாள்.

நீ தீர்க்காயுசாக இரு, வெயிலில் தண்ணீர் குடி. நாளைக்கு அவளுக்குப் போன் செய்தால், நல்லதாப் போச்சு என்று மட்டும் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
பூமாலை