வெரிபி மலையிடுக்கில் என் சம்பந்தி

மே 6, செவ்வாய்

மயூரா இன்றும் அதே கேள்வி. "அம்மா, சித்தார்த்தின்ர அம்மாவோட எப்ப கதைக்கப் போறீங்கள்?"

ஒருமுறை போனில் கதைத்தேன்தானே. இரண்டு வசனம் சொல்வதற்குள், இதே மெல்பேர்னில் இருக்கிற அந்தக் கிரிஜா, "நீங்க பேசறது மலையாளம் மாதிரி இருக்குதுங்க" என்று சிரித்தார். மலையாளமாம்! யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவளிடம். அன்றைக்கு வைத்த போன்தான். மகள் கட்டப்போகிறவனின் தாய் என்றாலும் — கோயம்புத்தூர்க்காரிக்கு அவ்வளவு பெருமையெண்டா எனக்கும் இருக்காதே?

மே 9, வெள்ளி

மயூரா அழுதுவிட்டாள். "நீங்கள் ரெண்டு பேரும் இப்பிடியே இருந்தா நாங்கள் ரிஜிஸ்டர் பண்ணிப்போட்டு வந்து சொல்லுவம்." செய்யக்கூடியவள்தான்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஞாயிறு அன்னையர் தினம், எங்காவது நடக்கப் போவோம் என்றாள். சரி என்றேன். வேறென்ன சொல்ல?

மே 11, ஞாயிறு

கிரான்பர்னில் எங்கள் வீட்டில் இருந்து நகரத்தைத் தாண்டி மேற்கே, வெரிபி மலையிடுக்கு. காரை நிறுத்தினால், பக்கத்துக் காரில் இருந்து சித்தார்த் இறங்குகிறான். பின்னால், காலில் பளபளக்கும் புதுச் சப்பாத்தோடு ஒரு பெண். கிரிஜா! அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்கும் ஒன்றும் தெரியாது. "ஹாப்பி மதர்ஸ் டே" என்று சொல்லிவிட்டு இரண்டு கள்ளரும் முன்னால் நடந்துவிட்டார்கள்.

ஏற்றம் முழுக்க ஒரு வார்த்தை இல்லை. மூச்சு வாங்குவதுபோல இருவரும் பாவனை செய்தோம். உச்சியில் நின்று பார்த்தால் — காய்ந்த புல், செங்குத்தான பாறைச் சுவர்கள், ஆழத்தில் நூல் மாதிரி ஆறு. "அம்மாடி!" என்று இருவர் வாயிலும் ஒன்றாக வந்தது. இத்தனை வருடம் மெல்பேர்னில் இருந்து என்ன பயன்?

கீழே ஆற்றோரம் பாதை பாறையோடு ஒட்டிப் போகிறது. பிடித்துக்கொள்ள ஒரு கம்பி; காலுக்கடியில் தண்ணீர். பிள்ளைகள் தாண்டிப் போய்விட்டார்கள். பாதியில் கிரிஜா நின்றுவிட்டார். கம்பியைப் பிடித்த கை வெளிறிப்போயிருந்தது.

"என்னால முடியாதுங்க. காலே நகரலைங்க."

ஊசியைக் கண்டு நடுங்குகிறவர்களிடம் தினமும் இரத்தம் எடுப்பதுதான் என் வேலை. வாய் தானாகத் திறந்தது.

"தண்ணியப் பாக்காதேங்கோ. என்னைப் பாருங்கோ. இடது காலை மெல்ல அரக்குங்கோ. ஓம், அப்பிடித்தான். காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?"

"இட்லிங்க."

"எத்தினை?"

"நாலு... இல்லீங்க, ஆறு."

"ஆறு இட்லி திண்ட ஆள் இந்தக் கல்லுக்குப் பயப்பிடலாமே?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே கடந்துவிட்டார். அந்தப் பக்கம் மணலில் பொத்தென்று உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க சொன்னது ஒவ்வொண்ணும் புரிஞ்சுதுங்க. அன்னைக்குப் போன்ல பதட்டம். என்ன பேசறதுன்னே தெரியாம உளறிட்டேன்."

பதட்டமா? அன்றைக்கு எனக்கும் கை வேர்த்துக்கொண்டுதானே இருந்தது! சொன்னேன். மறுபடி சிரிப்பு.

பிள்ளைகள் பயந்துபோய்த் தேடி வந்தபோது நாங்கள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஆற்றில் கால் வைத்தபடி என் கடலைவடையைத் தின்றுகொண்டிருந்தோம். மயூரா வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

மே 12, திங்கள்

தொடை இரண்டும் கல். கதிரையில் இருந்தால் எழும்ப முடியவில்லை. ஆனாலும் நாள் முழுக்க ஒரே சந்தோஷம்.

மே 31, சனி

கிரிஜா வீட்டுக்கு வந்தார். கலியாணம் நவம்பரில். கூறைச் சேலை எங்கள் முறை, தாலி அவர்கள் முறை. சண்டையே இல்லை. மயூராவின் அப்பாவுக்குத்தான் நம்ப முடியவில்லை.

ஜூன் 21, சனி

இன்று ஒலிண்டா அருவிக்கு இறங்கினோம். கிரிஜாவும் நானும் மட்டும். பாதி வழியில் போனைப் பார்த்தால் மயூராவின் அழைப்பு மேல் அழைப்பு. கலியாண மண்டபம் பார்க்கப் போக வேண்டிய நாளாம்! கிரிஜாவின் போனில் சித்தார்த்.

"ஐயோ, திரும்பிப் போயிடலாமாங்க?" என்றார்.

கீழே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"அருவியைப் பாத்திட்டுப் போவம்" என்றேன்.