காகத்துக்கு வைத்த சோறும் கரடியும்

அன்புள்ள மகனுக்கு,

எங்கள் இரண்டு பேருடைய போனையும் நீ எடுப்பதில்லை, அதனால் கடிதம். அம்மாவோடு இனி என்னால் முடியாது.

உனக்கு ஏழரைச் சனியாம். புரட்டாசிச் சனி தோறும் விரதமிருந்து, பின்வேலியில் காகத்துக்குச் சோறு வைக்கிறாள். சுவிஸில், கூர் நகருக்கு மேலே மலையில் இருக்கும் இந்த ஊரில் அதைத் தின்ன வந்தது ஒரு பழுப்புக் கரடி. குளிர்கால உறக்கத்துக்கு முன் அவற்றுக்குப் பசி அடங்காதாம்.

வனக்காவலர் வீட்டுக்கே வந்துவிட்டார். மனிதர் சோற்றுக்குப் பழகிய கரடியை முதலில் விரட்டுவார்களாம். திரும்பத் திரும்ப வந்தால் சுடுவார்களாம். இது இத்தாலிப் பக்கமிருந்து தனியே வந்த இளம் ஆண். பெண்குட்டிகள் தாய்க்கு அருகிலேயே தங்கும், ஆண்கள் தொலைதூரம் போய்விடும் என்றும் சொன்னார். அதை நான் அம்மாவுக்கு மொழிபெயர்த்திருக்கக் கூடாது.

"அப்ப இதுவும் தாயை விட்டிட்டு வந்த பிள்ளையோ? இந்தச் சனி கொஞ்சம் கூட வைப்பம்."

"உமக்கு விசரோ? அதைச் சுடப்போறாங்கள்!"

"அப்ப அவனைக் கதைக்கச் சொல்லுங்கோ. பிள்ளை சுகமெண்டு தெரிஞ்சால் நான் ஏன் வைக்கிறன்?"

இன்று திங்கள். சனிக்கு முன் அம்மாவோடு ஒரு தரம் போனில் கதை, கரடிக்காகவாவது. தவறி நான் எடுத்தால் வைத்துவிடாதே.

அப்பா