விக்டோரியாவில் உன் இரண்டு நாட்கள்

அன்புத் தங்கைக்கு,

நீ அனுப்பிய படங்கள் வந்தன. துறைமுகம் அழகாக விழுந்திருக்கிறது. எனக்கு மருத்துவமனையில் விடுப்புக் கிடைக்காததால்தான் உனக்கு விக்டோரியாவைச் சுற்றிக் காட்டும் வேலை உன் அத்தான் வெர்னனுக்கு வந்தது.

திமிங்கலம் பார்க்கப் போன படகில் நீங்கள் இருவரும் நிற்கும் படத்தை யார் எடுத்தார்கள்? முன்பல் உடைந்ததிலிருந்து வெர்னன் என் கேமராவுக்கு வாயே திறந்ததில்லை. உன் படத்தில் பல் தெரியச் சிரிக்கிறார்.

அன்று சாப்பிடும்போது நீ கேட்டாய்: "அத்தான் இவ்ளோ பேசுவார்னு நீ சொல்லவே இல்லியே அக்கா?" எனக்கே தெரியாது என்று சொல்லாமல், வறுத்த மீனை உன் பக்கம் தள்ளினேன்.

நீ ஊர் திரும்பிய பிறகு, "நாமளும் திமிங்கலம் பாக்கப் போலாமா?" என்று அவரிடம் கேட்டேன்.

"இங்கேயே இருக்கிறவளுக்கு அதுல என்ன புதுசு?" என்றார். ஆனாலும் வந்தார். திமிங்கலத்தின் கறுப்பு முதுகுத் துடுப்பு ஒன்று எழும்பியதும் எல்லோரும் ஒரு பக்கமாக ஓடினார்கள். அவர் கடலைப் பார்த்தபடியே, "உன் தங்கச்சி இருந்திருந்தா கத்தியே ஊரைக் கூட்டியிருப்பா" என்றார். நானும் சிரித்துவைத்தேன்.

இலையுதிர்காலத்தில் மறுபடி வரட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம், நானே கால்கரிக்கு வருகிறேன். தனியாகத்தான். அவருக்கு அந்த ஊர்க் குளிர் ஆகாது.

உன் அக்கா