கேட்டைத் தாண்டி வந்த படப்பெட்டி

1968, ஐப்பசி. ஞாயிற்றுக்கிழமை.

ஆவடிக் கொட்டகைக்கும் அம்பத்தூர்க் கொட்டகைக்கும் படத்துக்கு ஒரே பிரிண்ட்தான். ஆவடியில் ஓடி முடிந்த ரீல்களைக் காதர் பாய் சைக்கிளில் இங்கே அம்பத்தூருக்குக் கொண்டுவருவார். நேற்று ரயில்வே கேட் மூடியிருந்ததால் தாமதம். ஜனங்கள் நாற்காலியை உடைத்தார்கள்.

"கேட்டு மூடிக்கினு இருந்தா, பூந்து வர வேண்டியதுதானே பாய்?" என்று கத்தியது நான்தான். விநியோகக் கம்பெனி ஆள் என்ற திமிர்.

"சரிங்க சார்" என்றார்.

இன்று புகுந்து வந்திருக்கிறார்.

கேட்டருகே டீக்கடை வைத்திருக்கும் கோவிந்தன் பெட்டியைச் சுமந்து வந்து என் முன்னால் இறக்கினான். "பாய் ரயில்ல அடிபட்டு பூட்டாரு சார்" என்றான்.

நான் குனிந்து, ரீல்கள் நசுங்கியிருக்கின்றனவா என்று பெட்டியைத் திறந்து பார்த்தேன். அவன் பார்த்துக்கொண்டே நின்றான்.

மீதிப் படத்தை ஓட்டினோம். விசில் பறந்தது.

நாளை பாயின் ஊரான பூந்தமல்லியில் அடக்கம். நான் போகாமல் இருக்க முடியாது. கோவிந்தனும் வருவான்.